ஈரத்துணி

உளுந்து இப்போதுதான் உடைய ஆரம்பித்திருக்கிறது. இன்னும் நுரை கட்டவில்லை. ஒரு கை தண்ணீர் தெளிக்கலாம், கூடத் தெளித்தால் மாவு நீர்த்துப்போகும், அதெல்லாம் என் கைக்கே தெரியும், நான் பார்க்க வேண்டியதில்லை. அதனால் கண்ணை எடுத்து அவருடைய போனில் வைத்திருக்கிறேன். புளி டப்பாமேல் சாய்த்து நிறுத்தியிருக்கும் போனில் ஒரு பொம்பளையின் இரண்டு கைகள் ஓர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டுகின்றன. முகம் கிடையாது. கை மட்டும்தான். போனிலேயே செடியை ஏலம் விடுகிற எங்கள் குழுவின் விதிப்படி எடுத்த வீடியோ. பார்சல் வந்தால், ஒட்டியது ஒட்டியபடி இருப்பதைக் காட்டி, நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில் பிரித்து வீடியோ எடுத்தாக வேண்டும். வீடியோ இல்லையென்றால் உள்ளே செடி செத்துக் கிடந்தாலும் ஏனென்று கேட்க நாதி கிடையாது. இவள் எடுத்திருக்கிறாள். ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறாள். பெட்டியின் மேலே ‘வசுமதி, கோபிசெட்டிபாளையம்’ என்று அச்சடித்த மாதிரி இருப்பது என் வீட்டுக்காரர் தணிகாசலத்தின் எழுத்து. நாங்கள் அனுப்புகிற மற்ற பார்சலுக்கெல்லாம் விலாசம் நான் எழுதுவதுதான். இது மட்டும், “உன் எழுத்து கோணலா போவுது கோமு, கொரியர்காரன் குழம்பிடுவான், குடு” என்று அவரே வாங்கி எழுதினார். திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் போகிறபோது குழம்பாத கொரியர்காரன் கோபிக்குப் போகும்போது மட்டும் குழம்புவானாம். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை நானே தடவிவிட்டுக்கொண்டேன், ஐம்பதைத் தாண்டிய பிறகு என்னடி இதெல்லாம் என்று. இப்போது அந்தக் கையைப் பார்க்கிறேன். வளையல் ஒன்றுதான், தங்கம் இல்லை, கண்ணாடி. நகத்தில் மண். நகத்தில் மண் இருக்கிற பொம்பளையை வெறுப்பது கஷ்டம். மருதாணி வைத்து, நகம் வளர்த்து, மினுக்கிக்கொண்டு இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

காலையில் அவர் டிபனை முடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு (கழுவித்தான் வைப்பார், அதில் ஒரு குறை சொல்ல முடியாது), போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “வசுமதிக்கு அனுப்பின அந்திச்செடி அழுகிப் போயிருக்காம். குழுவுல பெரிய பேச்சா போயிடுச்சு. எட்வின் உன்னைக் கேக்கச் சொல்றான், பேக்கிங் பண்ணது நீதானே. வீடியோவப் பாத்துட்டு நீயே சொல்லிடு.” சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். போனை விட்டுவிட்டு! குளிக்கப் போனால் பாத்ரூம் ஜன்னல்கட்டையில் வைத்துக்கொள்கிற போனை. எட்வின் என்பது குழுவின் அட்மின், நாகர்கோவில் பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தைகள், ஆனாலும் பையன் மாதிரிதான் பேசுவான். அவன் எனக்கென்றே ஒரு குரல்பதிவு போட்டிருந்தான். “அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க கட்டு எப்படி இருக்கும்னு குழுவுக்கே தெரியும்லா. இந்த வீடியோவுல இருக்கது உங்க கட்டு இல்லன்னு நாலு பேரு சொல்லுதாங்க. அப்படின்னா அந்தம்மா பார்சல முன்னாடியே பிரிச்சு, என்னமோ பண்ணிட்டு, திரும்பக் கட்டி வீடியோ எடுத்துருக்காங்கன்னு ஆவுது. அப்படின்னா வெளிய அனுப்பணும், மத்த குழுவுக்கும் பேர அனுப்பணும், அதுதான் சட்டம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. உங்க கட்டா, இல்லயா.” ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு நின்றதில்லை. என் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கேட்கவில்லை. நான் ‘இல்லை’ என்றால் அந்த வசுமதி ஏமாற்றுக்காரி. தமிழ்நாட்டில் ஒரு குழுவிலும் ஒரு செடி வாங்க முடியாது, விற்க முடியாது. அவளும் விற்கிறவள்தான், அதுதான் அவள் பிழைப்பு என்று கேள்வி, புருஷன் இருக்கிறானா போய்விட்டானா என்று எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டால் தெரியும், கேட்க மாட்டேன்.

அந்தக் கட்டு என் கட்டு இல்லை. முதல் தடவை பார்த்தபோதே தெரிந்துவிட்டது. என் முடிச்சு பூத்தொடுக்கிற முடிச்சு. கனகாம்பரம் தொடுக்கிற மாதிரிச் சணலைச் சுற்றி ஒரு கண்ணி விட்டு, அதற்குள் இன்னொரு கண்ணி. ஊரெல்லாம் உருட்டினாலும் அவிழாது, நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் மொத்தமும் கழன்று வந்துவிடும். கத்தரி வேண்டாம், பல் வேண்டாம். குழுவில் அதற்கு ‘அக்கா முடிச்சு’ என்று பேர். பிரிக்கிற வீடியோவில் ஆம்பளைகள்கூட, “இதோ அக்கா முடிச்சு, பாருங்க, ஒரே இழுப்பு” என்று இழுத்துக் காட்டுவார்கள். செடி அவர் பேரில், ஏலம் அவர் பேரில், பாராட்டு அவர் பேரில், முடிச்சு மட்டும் என் பேரில். இந்த வசுமதியும் அந்த நுனியைத்தான் தேடினாள். பார், இந்த இடம், விரலால் சணலைத் தடவித் தடவித் தேடுகிறாள், நுனியே இல்லை. முடிச்சுமேல் முடிச்சு, அதன்மேல் முடிச்சு, அவர் பாடம் நடத்தின பாலிடெக்னிக் வொர்க்‌ஷாப்பில் இரும்புக் கம்பியைக் கட்டுகிற மாதிரி ஒரு கட்டு. அவர் முடிச்சு. கொடிக்கயிறு கட்டினாலும் தண்ணீர் மோட்டார் மூடியைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவார், அவிழ்க்க வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். மூன்று போட்டிருக்கிறார். நிறுத்திப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன், மூன்று. என் கழுத்தில் அவர் போட்டது ஒன்றுதான். மீதி இரண்டை நாத்தனார் போட்டாள், எல்லாருக்கும் அப்படித்தான், வழக்கம் அது, தெரியும். இருந்தாலும் இவளுக்கு மூன்றையும் அவரே போட்டிருக்கிறார். நான் என்ன பைத்தியக்காரியா, அட்டைப்பெட்டியோடு சக்களத்திச் சண்டை போடுகிறேன். கிரைண்டர் கரகரவென்று ஒரு சத்தம் போடுகிறது, உளுந்து ஓரத்தில் ஏறிக்கொண்டுவிட்டது, கையால் வழித்து நடுவில் தள்ளினேன். மாவு குளிர்ச்சியாக இருந்தது. ஒரு கை தண்ணீர்.

ஆக, அவர் பிரித்திருக்கிறார். நான் கட்டி வாசல் பக்கம் வைத்த பெட்டியை, நான் குளிக்கப் போன நேரத்திலோ பால் வாங்கப் போன நேரத்திலோ பிரித்து, திரும்பக் கட்டியிருக்கிறார். ஏன்? இந்த ஏன்தான் காலையிலிருந்து தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. முதலில் கடுதாசி என்று நினைத்தேன். இந்தக் காலத்தில் யார் கடுதாசி வைக்கிறார்கள், கையில்தான் போன் இருக்கிறதே. அப்புறம் ஏதாவது சாமான், பரிசு. வீடியோ முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், அவள் எதையும் ஒளிக்கவில்லை, எதையும் ஓரமாகத் தள்ளவில்லை, ஒரு தடவை மட்டும் கை சட்டத்துக்கு வெளியே போகிறது, கத்தரியோடு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அவள் கத்தரியால் சணலை வெட்டுகிறாள். செய்தித்தாள் பிரிகிறது, அது நான் சுற்றியது, மடிப்பு என் மடிப்பு, அதே தடத்தில் திரும்ப மடித்திருக்கிறார். அதற்குள் இன்னொரு தாள். அதற்குள் துணி. துணி! நான் துணியே வைக்கவில்லையே. வெள்ளைத் துணி, பழைய வேட்டியில் கிழித்தது, ஓரத்தில் பச்சைக் கரை, அதில் மஞ்சளாக ஒரு மாம்பழக் கறை. அந்தக் கறை நான் வைத்தது. என்ன போட்டும் போகாமல், அவர் அந்த வேட்டியைக் கட்டுவதையே நிறுத்திவிட்டார், நான் விளக்குத் துடைக்கக் கிழித்துப் போட்டேன். அந்தத் துணி கோபிசெட்டிபாளையத்தில் ஒருத்தி கையில் சொட்டச்சொட்ட ஈரமாக இருக்கிறது. அவள் அதைத் தொட்டதும் சின்னதாக, மூச்சு விடுகிற மாதிரி, “ஐயோ... ஈரம் வெச்சுருக்காருங்க” என்கிறாள். அதுதான் அவள் பேசுகிற முதல் பேச்சு. அப்புறம்தான் துணியை விலக்கி, அடிக்கிழங்கு கொழகொழவென்று அழுகி இருப்பதைக் காட்டி, அழுகிற குரலில் பேசுகிறாள். ஆனால் அந்த முதல் பேச்சு இருக்கிறதே, அதில் அழுகை இல்லை. திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வாய்விட்ட சிரிப்பு இல்லை, குழந்தை சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் சிரிப்போமே, அது. வெச்சுருக்காங்க என்று சொல்லவில்லை. வெச்சுருக்காரு. யார் கட்டியது என்று கட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறாள், என் நுனியைத் தேடி இல்லாமல் போனபோதே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

எந்த ஞாயிற்றுக்கிழமையில் இது ஆரம்பித்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாயிறு சாயங்காலம்தான் ஏலம். செடியின் படத்தைப் போடுவார், அடிவிலை போடுவார், ஆளாளுக்கு ஏற்றிக் கேட்பார்கள், குறித்த நேரம் வந்ததும் ‘முடிந்தது’ என்று போடுவார், கடைசியாகக் கேட்டவருக்குச் செடி. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், ரேடியோ நேரத்தோடு ஒத்துப்பார்த்த கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி உட்காருவார். அந்த மனுஷன், அந்திச்செடி ஏலத்தன்று, முள் வருவதற்கு முன்னாலேயே முடித்துவிட்டார். அந்தி என்பது அவர் ஒட்டுப்போட்டு உண்டாக்கின அடீனியம். அடுக்குப் பூ, பூ கறுப்பு என்றும் சொல்ல முடியாது சிவப்பு என்றும் சொல்ல முடியாது, மழை நாளெல்லாம் துவைகல் பக்கத்துத் தகரத்தடியில் நான் வைத்துக் காப்பாற்றினது. கடைசியாகக் கேட்டிருந்தது வசுமதி. இன்னும் நேரம் இருந்தது, ராசிபுரத்து டாக்டர் ஒருத்தர் எப்போதும் கடைசி நொடியில் வந்து அடித்துக்கொண்டு போவார், அது எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டாக்டர் வருவதற்குள் முடித்துவிட்டார். டாக்டர் குழுவில் குதித்தார், “என் கடிகாரம் தப்பா இருக்கலாம், மன்னிக்கணும்” என்று இவர் எழுதினார். நான் பின்னால் நின்று காபி நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரம் தப்பா! நான் அப்போதே சிரித்திருக்க வேண்டும். காபியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்குக் குழுவில் முடிச்சைப் படம் பிடித்துப் போட்டு, ‘இது அக்கா முடிச்சு அல்ல, கவனிக்கவும்’ என்று முதலில் எழுதினது அந்த டாக்டர்தான். அவருக்கு அவர் வயிற்றெரிச்சல். எனக்கு என்னுடையது.

அவள் அவருக்குப் போடுகிற குரல்பதிவுகளை நான் ஒளிந்து கேட்டதில்லை. ஒளிய வேண்டிய அவசியமே இல்லை, அவர் சத்தமாகத்தான் போட்டுக் கேட்பார், மடியில் கனமில்லாத மனுஷன் மாதிரி. “சார்ங்க, எல விழுகுதுங்க, என்ன பண்றதுங்க.” “சார்ங்க, மொக்கு வெச்சுருக்குதுங்க.” நாங்களும் திருச்சியில் ‘ங்க’ போடுகிறவர்கள்தான், ஆனால் ஆளுக்குப் போடுவோம். இவள் இலைக்கும் மொக்குக்கும் உரத்துக்கும் போடுகிறாள். வெல்லப்பாகு மாதிரி ஒவ்வொன்றின் வாலிலும் ஒட்டிக்கொண்டு வரும். இவர் பதில் சொல்வார், நிறுத்தி, நிதானமாக, வகுப்பெடுக்கிற குரலில். காதலும் இல்லை கத்திரிக்காயும் இல்லை, நானே சொல்கிறேன். ஒரு தப்பான சொல் கிடையாது. தப்பான சொல் ஒன்று கிடைத்திருந்தால் நான் நிம்மதியாக அழுதிருப்பேன், அண்ணனுக்குப் போன் போட்டிருப்பேன், ஒரு வாரம் சமைக்காமல் கிடந்திருப்பேன். பிடித்துக்கொள்ள ஒரு நுனி இல்லை. எல்லாருக்கும் சொல்கிற அதே பாடத்தைத்தான் அவளுக்கும் சொன்னார். “அடீனியம் பாலைவனத்துச் செடிம்மா. அதைக் கொல்லணும்னா வேற ஒண்ணும் செய்ய வேணாம், பாசமா தண்ணி ஊத்துங்க, போதும்.” இதைச் சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரிப்பார். குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்கிற வசனம் இது. பார்சல் கட்டும்போது எனக்கும் சொல்வார். மண்ணை உதறி, வேரைக் கழுவி, நிழலில் காயவைத்து, ‘காஞ்சிருக்கான்னு பாத்தியா’ என்று கேட்டு, நான் பார்த்தேன் என்றாலும் நம்பாமல் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்து, அப்புறம்தான் தாளில் சுற்றவிடுவார். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் பெட்டிக்குள் வெந்து அழுகிவிடும். அந்தியையும் அப்படித்தான் காயவைத்தோம். அவர்தான் தொட்டுப் பார்த்தார். அவர்தான் சரி என்றார். அப்புறம் அந்த மனுஷன், ராத்திரியெல்லாம் என்ன நினைத்தாரோ, வெயில் காலமாச்சே, கோபி வரைக்கும் லாரியில் வேகுமே, செடிக்குத் தாகமெடுக்குமே என்று, எழுந்து போய், பிரித்து, வேட்டித்துணியை நனைத்து, வேரில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார். தெரிந்த பாடத்தைத் தானே மறந்து. பாசமா தண்ணி ஊத்தி.

மாவு நுரைத்துக்கொண்டு வருகிறது. வெண்ணெய் மாதிரி பொங்கி, கல்லைச் சுற்றி மெதுவாகப் புரள்கிறது. எனக்கு ஏன் கண் எரிகிறது. அவர் தப்புப் பண்ணியிருக்கிறார். அதுதான், அதுதான் விஷயம், கடுதாசி இல்லை, பரிசு இல்லை. கேஸ் குமிழை மூடினோமா என்று தெருமுனை வரை போனவர் திரும்பிவந்து திருகிப் பார்ப்பார். ரயிலுக்கு ஒரு மணி முன்னால் போய் உட்காருவார். எனக்கு எடுத்த புடவையில் ஒன்றுகூட அளவோ நிறமோ சரியில்லாமல் போனதில்லை, பில்லைக்கூட பத்திரமாக வைத்திருப்பார் மாற்ற வேண்டியிருந்தால் என்று, மாற்ற வேண்டியதே வந்ததில்லை. எதிர்வீட்டு ஜெபமணி புருஷன் கல்யாண நாளை மறந்துபோய், அதற்கு மறுநாள் ஞாபகம் வந்து, பயத்தில் ஒரு கோழிக்குஞ்சு நிறப் புடவை எடுத்துக்கொண்டு வந்தான், அதைக் கட்டிக்கொண்டு அவள் தெருவெல்லாம் சிரித்தாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார், கஞ்சி வைத்தார், காய்ச்சலை அளந்தார், டாக்டரே ‘இந்த மாதிரி கவனிக்கிற ஆளை நான் பாத்ததில்ல’ என்றார். ஒருநாள் சாயங்காலம் வாயெல்லாம் கசந்து, நாக்கு மரக்கட்டையாக இருந்தது, “ஒரே ஒரு ஐஸ் குச்சிங்க, நுனி நாக்குல வெச்சுட்டுத் துப்பிடறேன்” என்று கெஞ்சினேன். குழந்தை மாதிரி அழுதேன். வாசலில் மணி அடித்துக்கொண்டு வண்டி போயிற்று. “கூடாது கோமு, டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார், தலையைத் தடவிக்கொடுத்தார், ஜன்னலைச் சாத்தினார். அவர் செய்தது சரி. நூற்றுக்கு நூறு சரி. நான் பிழைத்தேன். நான் பிழைத்தே இருக்கிறேன். செத்தாலும் பரவாயில்லை, தாகமாக இருக்கிறாளே என்று அவர் ஒரு நாள் எனக்கு எதையும் நனைத்துக் கொடுத்ததில்லை. முகம் தெரியாத ஒருத்திக்காக, அவளுக்காகக்கூட இல்லை, அவளிடம் போகிற ஒரு செடிக்காக, அவருக்கு புத்தி தடுமாறியிருக்கிறது. இந்த வீட்டில் அந்தத் தடுமாற்றம் எங்கே இருந்தது? எந்தப் பரணில் வைத்திருந்தார்? நான் வீடு பெருக்குகிறவள், எனக்குத் தெரியாமல் ஒரு குண்டூசி இங்கே இருந்ததில்லை.

போன் நடுங்கியது. குழு இல்லை, தனியாக. அவளேதான். அழுத்தினேன், நான்தான் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. “சார்ங்க... நானு தொறக்கவே இல்லீங்க. வந்தது வந்தபடியேதானுங்க எடுத்தேன். ஏமாத்திட்டேன்னு சொல்றாங்க. செடி போனா போகட்டுமுங்க, எனக்கு வேற செடிகூட வேண்டாமுங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லலாமில்லீங்களா சார்.” பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. அவளுக்கும் ஓர் அடுப்படி. காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுத்துப்பிழைக்குக்கூட மன்னிப்புக் கேட்டு மறுபடி எழுதுகிறவர், அத்தனை பேர் அவளைப் பிடித்துக் குதறும்போது வாயைத் திறக்கவில்லை. தப்புப் பண்ணத் தெரிந்தவருக்கு ‘நான்தான்’ என்று சொல்லத் தெரியவில்லை, பாவம், பழக்கமில்லை. என்னிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு மேலே போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், குழாய்ச் சத்தம் கேட்கிறது. நான் கண்டுபிடிக்க மாட்டேன் என்று நினைத்தாரா, கண்டுபிடித்துவிடுவேன் என்று தெரிந்தேதான் கொடுத்தாரா. எனக்கு ஒரு நிமிஷம் குளுகுளுவென்று இருந்தது, உள்ளபடி சொன்னால். இதோ உன் சார், வசுமதி. உனக்காக வேரை நனைப்பார், உனக்காக வாயைத் திறக்க மாட்டார். ‘அது என் முடிச்சு இல்லை’ என்று நான் சொன்னால் போதும். பொய் இல்லை. சத்தியமான உண்மை, கோயிலில் சூடம் அணைத்துச் சொல்லலாம். நாலு சொல்லில் அவள் கதை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி எனக்கு. மேஜைமேல் கைக்கடிகாரம், நான் காபி, ‘முடிந்தது’. சார்ங்க கிடையாது, மொக்குங்க கிடையாது. நாக்கு நுனியில் இருந்தது. குரல்பதிவுப் பொத்தானில் கட்டைவிரலை வைத்துவிட்டேன்.

வைத்தபோதுதான் தோன்றியது. அவளைத் துரத்திவிட்டால், அவள் அந்த ஈரத்தையும் எடுத்துக்கொண்டல்லவா போவாள். குழுவை விட்டுப் போவாள், பிழைப்பு போகும், அழுவாள், எல்லாம் சரி. ஆனால் என்றைக்காவது ஒரு மத்தியானம், அடுப்படியில் நிற்கும்போது, எல்லாம் தெரிஞ்ச மனுஷன் எனக்காக இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணினாரே என்று அந்தத் துணியை நினைத்துக்கொள்வாள். ஐயோ, ஈரம் வெச்சுருக்காருங்க. அந்தச் சிரிப்பு அவளிடமே இருக்கும். என் வேட்டித்துணியில், என் மாம்பழக்கறையில் சுற்றி அவர் கொடுத்ததை அவள் வைத்துக்கொள்வாள், நான் இங்கே ஒரு தப்பும் இல்லாத மனுஷனோடு உட்கார்ந்திருப்பேன். முடியாது. அதை விட மாட்டேன். செடி போகட்டும், பேர் போகட்டும், அது ஒன்று மட்டும் அவளுக்குக் கிடையாது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அழுத்தினேன். “எட்வின் தம்பி, நான் கோமளா பேசறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. அது என் கட்டுதான். அன்னைக்குக் கை வலின்னு வேற மாதிரி முடிச்சுப் போட்டேன். துணியும் நான்தான் நனைச்சு வெச்சேன். அவரு வேணாம் வேணாம்னுதான் சொல்லுவாரு, நான்தான் புத்தியில்லாம, வெயிலாச்சேன்னு வெச்சுட்டேன். அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. வேற செடி நானே கட்டி அனுப்பிடறேன்.” என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. கொஞ்சங்கூட நடுங்கவில்லை.

எவ்வளவு கும்பிடு, எவ்வளவு பூ, குழு முழுக்க. அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்கிறார்கள். ராசிபுரத்து டாக்டர்கூட ‘நேர்மைக்குத் தலைவணங்குகிறேன்’ என்று போட்டார். எட்வின், “அக்கா, நீங்க கும்பிட வேண்டிய சாமிக்கா” என்றான். பெரிய மனசாம். என் மனசு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், உளுந்துப் பருப்பைப் பிளந்தால் அதில் பாதிக்கு வைக்கலாம். கடைசியாக அவள் வந்தாள், தனியாக, அவர் போனுக்கு, எனக்கு. “அக்காங்க, உங்க காலத் தொட்டுக் கும்பிடணுமுங்க. என் மானத்தக் காப்பாத்திட்டீங்க.” பின்னால் இப்போது குக்கர் சத்தம் இல்லை. “நானு... சாருதான் வெச்சுருப்பாருன்னு நெனச்சுப்போட்டேனுங்க. நீங்களாங்க வெச்சது.” அவ்வளவுதான். அந்தக் கடைசி ‘ங்க’வில் பாகு இல்லை, வெறும் ‘ங்க’. திருப்பிப் போட்டுக் கேட்டேன். இன்னொரு தடவையும் கேட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. ‘ஆமாம்மா, நான்தான்’ என்று எழுதி அனுப்பினேன்.

மேலே குழாய் நின்றது. படியில் அவர் இறங்குகிற சத்தம், ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அடுப்படி வாசலில் வந்து நின்றார். வேட்டி நுனி ஈரம். என் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்தார். “சொல்லிட்டியா?” “சொல்லிட்டேன்.” “என்னன்னு?” “ஈரத்துணிய நான்தான் வெச்சேன்னு.” கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் முகம், எனக்கு அதைத் தொட வேண்டும்போல் இருந்தது. சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள், இப்போதாவது, என்னிடமாவது ஒரு தப்பை ஒப்புக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சத்தியமாக ஒன்றும் சொல்ல மாட்டேன். “உன் தப்பு இல்லியே கோமு அது” என்றார் மெதுவாக. “பின்ன யாரோடதுங்க?” என்றேன். மாவு கல்லைச் சுற்றிப் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே வந்து, அடுப்பு பற்றவைக்காமலே இருக்கிறது என்று பார்த்தும், குனிந்து கேஸ் குமிழை ஒரு தடவை திருகிப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது.